தரம் 3 என்ற அறிக்கை பதினாறு நாளில் தரம் 4 ஆனது எப்படி? மூளைக்கட்டியின் மூலக்கூற்றுக் குறிப்பான்கள் பற்றிய ஐயம்

வைப்பாற்றங்கரை எழுதியது:

வணக்கம். என் தந்தைக்கு 61 வயது. இரண்டு மாதங்களுக்கு முன் அவருக்குச் சொற்கள் தடுமாறத் தொடங்கின. வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயர் வராமல் "அது, அது" என்று நிற்பார். வயதானால் வரும் மறதிதான் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் விடியற்காலையில் வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் இடப்பக்கப் பொட்டு மடலில் கட்டி தெரிந்தது. அறுவை சிகிச்சையில் எடுக்க முடிந்த அளவு எடுத்துவிட்டார்கள். பேச்சும் ஓரளவு திரும்பியிருக்கிறது.

என் ஐயம் அதற்குப் பிறகு கைக்கு வந்த காகிதங்களைப் பற்றியது. முதல் பயாப்ஸி அறிக்கையில் "அனாபிளாஸ்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா, தரம் 3" என்று இருந்தது. பதினாறு நாள் கழித்து வந்த துணை அறிக்கையில் அதே கட்டியை "கிளையோபிளாஸ்டோமா, ஐ.டி.எச். வைல்ட் டைப், தரம் 4" என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். உடலைவிட்டு வெளியே எடுத்து மெழுகில் பதித்து வைத்த திசு எப்படி ஒரு தரம் ஏறும்? முதல் அறிக்கை தவறா, இரண்டாவது தவறா?

துணை அறிக்கையில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். ஐ.டி.எச்.1 ஆர்132எச் நெகட்டிவ், ஏ.டி.ஆர்.எக்ஸ். இழப்பு இல்லை; டெர்ட் புரோமோட்டரில் மாற்றம் உண்டு; ஈ.ஜி.எஃப்.ஆர். பெருக்கம் உண்டு, எம்.ஜி.எம்.டி. புரோமோட்டர் மெத்திலேற்றம் 9 விழுக்காடு, பக்கத்தில் "எல்லைக்கோட்டு நிலை" என்ற குறிப்பு.

அடுத்த வாரம் கதிர்வீச்சும் டெமோசோலோமைடு மாத்திரையும் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எம்.ஜி.எம்.டி. சாதகமாக இல்லாதபோது மாத்திரை கொடுத்து அப்பாவை ஏன் வதைக்க வேண்டும் என்கிறான் தம்பி. இணையத்தில் தேடினால் எல்லா இடத்திலும் "15 மாதம்" என்ற எண்தான் கண்ணில் படுகிறது. இந்தக் குறிப்பான்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஸ்லைடும் பிளாக்கும் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் நோயியல் துறையில் பணிபுரிபவன். நாள்தோறும் இத்தகைய அறிக்கைகளில் கையொப்பமிடுபவன். தங்கள் தந்தையின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

இரண்டு அறிக்கைகளுமே சரியாக இருக்க முடியும். கட்டி வளரவில்லை, அதைப் பார்க்கும் கண்தான் மாறியது. முதல் அறிக்கை நுண்ணோக்கியில் தெரிந்ததை மட்டும் வைத்து எழுதப்பட்டது. கிளையோபிளாஸ்டோமா என்று நுண்ணோக்கியைக் கொண்டு சொல்வதற்கு, திசு செத்துக் கிடக்கும் பகுதியோ சிறு இரத்தக் குழாய்கள் கொத்துக் கொத்தாகப் பெருகியிருப்பதோ கண்ணில் பட வேண்டும். கட்டியின் ஓரத்திலிருந்து வந்த துண்டில் இவை இரண்டும் இல்லாமல், பிளவுபடும் செல்கள் மட்டும் மிகுந்து தெரிந்தால் தரம் 3 என்றுதான் எழுதுவோம். ஆனால் உலக சுகாதார அமைப்பு 2021-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு வகைப்பாட்டின்படி, வயது வந்த ஒருவரின் பரவலான ஆஸ்ட்ரோசைட் கட்டியில் ஐ.டி.எச். மரபணுவில் மாற்றம் இல்லாமல் (அறிக்கையில் வரும் "வைல்ட் டைப்" என்பதன் பொருள் இதுதான்), டெர்ட் மரபணுவின் புரோமோட்டரில், அதாவது தொடக்கப் பகுதியில், மாற்றம், ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருத்தல், 7-ஆம் குரோமோசோம் கூடி 10-ஆம் குரோமோசோம் இழக்கப்பட்டிருத்தல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலே, நுண்ணோக்கியில் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் அது கிளையோபிளாஸ்டோமா, தரம் 4. தங்கள் தந்தைக்கு மூன்றில் இரண்டு இருக்கின்றன. இந்த விதி வானத்திலிருந்து விழுந்ததல்ல. தரம் 2, தரம் 3 என்று பெயர் பெற்ற பல கட்டிகள் கிளையோபிளாஸ்டோமாவைப் போலவே நடந்துகொண்டதைத் திரும்பத் திரும்பக் கண்ட பிறகே எழுதப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "அனாபிளாஸ்டிக்" என்ற சொல்லையே 2021 பதிப்பு கைவிட்டுவிட்டது. பழக்கத்தில் இன்னும் பலர் எழுதுகிறார்கள். நானும் இரண்டொரு முறை எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அதேபோல் "தரம் 4" என்பதை வீட்டில் யாராவது "நாலாவது ஸ்டேஜ்" என்று மொழிபெயர்த்துக்கொண்டால் திருத்திவிடுங்கள். ஸ்டேஜ் என்பது புற்றுநோய் உடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதன் அளவு. மூளையில் தோன்றும் இவ்வகைக் கட்டிகளுக்கு ஸ்டேஜ் கிடையாது. தரம் என்பது கட்டியின் சுபாவம்.

ஐ.டி.எச். பற்றி. 2008-இல் அமெரிக்காவில் கிளையோபிளாஸ்டோமாக்களின் மரபணுக்களை வரிசைப்படுத்திய குழு ஒன்று, அவற்றில் சிறு பகுதியில், அதுவும் பெரும்பாலும் வயதில் இளையவர்களின் கட்டிகளில், ஐ.டி.எச்.1 என்ற மரபணு ஒரே இடத்தில் பிறழ்ந்திருப்பதைக் கண்டது. அந்தப் புரதத்தின் 132-ஆம் இடத்தில் ஆர்ஜினைன் இருக்க வேண்டும். அங்கே ஹிஸ்டிடின் வந்து அமர்ந்திருந்தது. அந்த ஓர் எழுத்துப் பிழையால் நொதி தன் வழக்கமான வேலையை விட்டு 2-ஹைட்ராக்ஸிகுளுட்டாரேட் என்ற பொருளை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. அது சேரச் சேர, செல்லின் மரபணுக்கள் எங்கும் மெத்தில் குறிகள் ஏறுகின்றன. 2009-இல் வெளிவந்த தொடராய்வில், நுண்ணோக்கியில் கிளையோபிளாஸ்டோமா என்று ஒரே மாதிரி தெரிந்த நோயாளிகளுள் இம்மாற்றம் உள்ளவர்களின் வாழ்நாள் நடு அளவு 31 மாதங்கள், இல்லாதவர்களுக்கு 15 மாதங்கள். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு நோய்களை வைத்திருந்தோம் என்பதே அதன் பொருள். அதனால்தான் 2021-க்குப் பிறகு ஐ.டி.எச். மாற்றம் உள்ளதைக் கிளையோபிளாஸ்டோமா என்றே அழைப்பதில்லை, "ஆஸ்ட்ரோசைட்டோமா, ஐ.டி.எச். பிறழ்வுடையது" என்று அழைத்து அதற்கென்று தனியே 2, 3, 4 என்று தரம் இடுகிறோம்.

தங்கள் தந்தைக்கு அது இல்லை. ஆர்132எச் சாயம் ஏற்றும் சோதனை ஐ.டி.எச். மாற்றங்கள் எல்லாவற்றையும் பிடிக்காது. அரிய வகைகள் தப்பிவிடும். இளம் வயதினராக இருந்தால் மரபணு வரிசைப்படுத்தலும் செய்து பார்த்திருப்போம். 55 வயதைக் கடந்தவருக்கு, முன்பு குறைந்த தரக் கட்டி இருந்த வரலாறும் இல்லாதபோது, அரிய வகை இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. போதாததற்கு, ஐ.டி.எச். மாற்றமுள்ள ஆஸ்ட்ரோசைட் கட்டிகளில் பெரும்பாலும் இழக்கப்படும் ஏ.டி.ஆர்.எக்ஸ். புரதம் இங்கே இழக்கப்படாமல் இருக்கிறது, டெர்ட் மாறியிருக்கிறது, ஈ.ஜி.எஃப்.ஆர். பெருகியிருக்கிறது. எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. ஆகவே இரண்டாம் அறிக்கையை நம்புங்கள்.

எம்.ஜி.எம்.டி. குறித்து மருந்து கொடுப்பவர்கள் எழுதுவதே முறை.


கதிரும் மாத்திரையும் எழுதியது:

மேலே நண்பர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் புற்றுநோய்ச் சிகிச்சைத் துறையைச் சேர்ந்தவன். தம்பியின் கேள்வி நியாயமானது. அதற்கான விடை அவர் நினைப்பதற்கு நேர் எதிரானது என்பதே என் கருத்து.

முதலில் அந்தப் பெயர். எம்.ஜி.எம்.டி. என்பது எல்லாருடைய செல்லிலும் இருக்கும் ஒரு பழுதுபார்க்கும் புரதம். டெமோசோலோமைடு கட்டிச் செல்லின் டி.என்.ஏ.வில் உள்ள குவானைன் எழுத்தின் மேல் ஒரு மெத்தில் குழுவைக் கொண்டுபோய் ஒட்டுகிறது. செல் அடுத்த முறை பிளவுபடும்போது அந்த இடத்தில் கணக்குத் தப்பி, தப்பைத் திருத்த முயன்று முயன்று கடைசியில் செல் மடிகிறது. எம்.ஜி.எம்.டி. புரதம் இருந்தால் அந்த மெத்தில் குழுவைப் பிய்த்துத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். அத்தோடு அதன் ஆயுளும் முடிந்துவிடும். ஒரு புரதம் ஒரு முறைதான், தீக்குச்சியைப் போல. எனவே கட்டிச் செல்லிடம் எவ்வளவு எம்.ஜி.எம்.டி. இருக்கிறது என்பது மருந்து பலிக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியான புரோமோட்டரில் மெத்தில் குறிகள் ஏறியிருந்தால் மரபணு மௌனமாகிவிடும், புரதம் உருவாகாது, மருந்துக்கு வழி திறந்திருக்கும். மருந்து ஒட்டுவதும் மெத்தில், மரபணுவை மூடுவதும் மெத்தில் என்பதால் பலர் இங்கே குழம்புகிறார்கள். இரண்டும் வேறு வேறு இடங்களில் நடப்பவை.

இப்போது எண்கள். ஐரோப்பிய, கனடிய அமைப்புகள் சேர்ந்து 573 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு வாழ்நாள் நடு அளவு 12.1 மாதங்கள், டெமோசோலோமைடும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதங்கள். இணையத்தில் நீங்கள் பார்த்த "15 மாதம்" இதன் வழிவந்ததுதான். அதே ஆய்வில் திசு கிடைத்த 206 பேரிடம் எம்.ஜி.எம்.டி.யைச் சோதித்தபோது கதை இரண்டாகப் பிரிந்தது. மெத்திலேற்றம் உள்ளவர்களில் மாத்திரையும் பெற்றவர்களுக்கு 21.7 மாதங்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 15.3 மாதங்கள். மெத்திலேற்றம் இல்லாதவர்களிலோ முறையே 12.7, 11.8 மாதங்கள்.

இந்த நான்கு எண்களையும் நிதானமாகப் பாருங்கள். மாத்திரை இல்லாமலே மெத்திலேற்றம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் இருந்திருக்கிறார்கள். ஆக, குறிப்பான் நோயின் போக்கையும் ஓரளவு சொல்கிறது, மருந்தின் பலனையும் சொல்கிறது. இவை இரண்டும் ஒன்றல்ல. ஐ.டி.எச். பெரும்பாலும் முதல் வகை; எம்.ஜி.எம்.டி.யின் மதிப்பு இரண்டாவதில்தான் அதிகம். கதிர்வீச்சு மட்டும் பெற்ற பலருக்கு நோய் திரும்பியபோது இதே மாத்திரை கொடுக்கப்பட்டது என்பதால் 15.3 என்ற எண்ணிலும் மருந்தின் பங்கு கொஞ்சம் கலந்திருக்கிறது.

சரி, மெத்திலேற்றம் இல்லாவிட்டால் மாத்திரையை விட்டுவிடலாமா? மாத்திரைக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. மெத்திலேற்றம் இல்லாத 560 பேரிடம் டெமோசோலோமைடுக்கு மாற்றாக நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கதிர்வீச்சுடன் கொடுத்தபோது நடு அளவு 13.4 மாதங்களாக இருந்தது; பழைய மாத்திரை பெற்றவர்களுக்கு 14.9 மாதங்கள். புதியது தோற்றது. பலன் சிறியதாக இருந்தாலும், அதைவிட மேலான ஒன்று கையில் இல்லாதவரை, உடல்நிலை தாங்கும் 61 வயதுக்காரருக்கு நாங்கள் மாத்திரையை நிறுத்துவதில்லை.

அதிலும் தங்கள் தந்தையின் 9 விழுக்காடு "இல்லை" என்ற பதில் அல்ல. பைரோசீக்வென்சிங் முறையில் வரும் இந்த எண்ணுக்கு ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வோர் எல்லை வைத்திருக்கிறது; ஓரிடத்தில் 8-க்கு மேல் இருந்தால் உண்டு என்பார்கள், வேறோர் இடத்தில் 10-ஐத் தாண்ட வேண்டும் என்பார்கள். அனுப்பிய துண்டில் கட்டிச் செல்களோடு சாதாரண மூளைத் திசுவும் கலந்திருந்தால் எண் தானாகவே தணிந்து காட்டும். 2019-இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்றில், வேறொரு அளவீட்டு முறையில் இப்படி இடைப்பட்ட மண்டலத்தில் நின்ற நோயாளிகள், மெத்திலேற்றம் அறவே இல்லாதவர்களைவிட நல்ல விளைவுகளையே கண்டார்கள். தம்பி ஓடுகிற திசையில் இந்தச் சான்று ஓடவில்லை.

வயது 70-ஐ நெருங்கி, உடலும் தளர்ந்தவர்களிடம்தான் எம்.ஜி.எம்.டி. உண்மையில் முடிவை மாற்றுகிறது. 2012-இல் வந்த வடஐரோப்பிய, ஜெர்மானிய ஆய்வுகளின் அடிப்படையில், அத்தகையவர்களுக்கு மெத்திலேற்றம் இருந்தால் மாத்திரை மட்டும், இல்லாவிட்டால் குறுகிய காலக் கதிர்வீச்சு மட்டும் என்று ஒன்றைத் தவிர்க்க முடிகிறது. தங்கள் தந்தை அந்தக் கூட்டத்தில் இல்லை.

கடைசியாக அந்தப் 15. நூறு பேரை வாழ்ந்த கால வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எண் அது. 2005 ஆய்வில் மாத்திரையும் பெற்றவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல், அதாவது 26.5 விழுக்காட்டினர், இரண்டாம் ஆண்டைக் கடந்தார்கள், 9.8 விழுக்காட்டினர் ஐந்தாம் ஆண்டையும் கடந்தார்கள். இந்தக் கட்டிகளில் ஐ.டி.எச். மாற்றம் என்ற ஒன்று இருப்பதே அப்போது தெரியாது என்பதால், இன்று வேறு நோய் என்று சொல்லக்கூடிய சிலரும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள். எனவே அந்த எண்களை நான் கூடுதல் நம்பிக்கை ஊட்டவும் பயன்படுத்துவதில்லை, அச்சுறுத்தவும் பயன்படுத்துவதில்லை.


மாடித்தோட்டம் எழுதியது:

நான் மருத்துவர் இல்லை. என் கணவருக்கு 52 வயதில் இதே நோய் வந்தது. அவருக்கு எம்.ஜி.எம்.டி. மெத்திலேற்றம் தெளிவாக இருந்தது. அந்த ஒரு வரியை நான் மஞ்சள் கோடிட்டுக் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

கதிர்வீச்சு முடிந்து ஒரு மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி இருந்த இடம் முன்னைவிடப் பெரிதாக வெள்ளையாகத் தெரிந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒருவர் "மருந்து வேலை செய்யவில்லை போல" என்று நடைபாதையில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு யாரும் சாப்பிடவில்லை. ஆனால் எங்கள் மருத்துவர், இது கதிர்வீச்சின் எதிர்வினையாகவும் இருக்கலாம், மெத்திலேற்றம் உள்ளவர்களுக்கு இத்தகைய பொய்யான வளர்ச்சி கூடுதலாகத் தெரியும், மாத்திரையை நிறுத்த வேண்டாம், இரண்டு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். அடுத்த படத்தில் அது சுருங்கியிருந்தது. அந்த வரியின் பயன் என்னவென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அவர் மூன்று ஆண்டுகளும் நான்கு மாதங்களும் இருந்தார். அடுத்த படுக்கையில் இருந்தவருக்கும் மெத்திலேற்றம் இருந்தது. அவர் எட்டு மாதத்தில் போய்விட்டார். இதற்கு யாரும் எனக்குக் காரணம் சொல்லவில்லை.

உங்களுக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான். மாத்திரையை வெறும் வயிற்றில், வாந்தி தடுக்கும் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, இரவு படுக்கும் முன் கொடுக்கச் சொன்னார்கள். அப்படிக் கொடுத்ததால் பெரிய வதை இருக்கவில்லை. வாரந்தோறும் இரத்தப் பரிசோதனையை மட்டும் தவறவிடாதீர்கள். அவருக்கு ஒரு முறை தட்டணுக்கள் இறங்கிப் பத்து நாள் நிறுத்த வேண்டியிருந்தது.


வைப்பாற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். நடைபாதைச் செய்தியை வாசித்தபோது அவன் எழுந்து போய்விட்டான். பிறகு வந்து, "சரி, தொடங்கட்டும்" என்றான்.

இன்னும் மூன்று சிறு கேள்விகள். 9 விழுக்காட்டை உறுதிசெய்ய வேறோர் ஆய்வகத்தில் மறுபடி சோதிக்கலாமா? எம்.ஆர்.ஐ. படத்தைக் கணினிக்குக் கொடுத்தாலே எம்.ஜி.எம்.டி.யைச் சொல்லிவிடும் என்று உறவினர் ஒருவர் காணொளி அனுப்பினார், உண்மையா? வோராசிடெனிப் என்ற புதிய மாத்திரை அப்பாவுக்குப் பொருந்துமா?


ஸ்லைடும் பிளாக்கும் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பொருந்தாது. அந்த மாத்திரை பிறழ்ந்த ஐ.டி.எச். நொதியைத்தான் தடுக்கிறது, தங்கள் தந்தையின் கட்டியில் தடுக்க வேண்டிய பொருளே இல்லை. 2023-இல் வெளியான ஆய்வில், ஐ.டி.எச். மாற்றமுள்ள தரம் 2 கட்டிகளில், நோய் மீண்டும் வளராமல் இருந்த காலத்தை அது 11.1 மாதங்களிலிருந்து 27.7 மாதங்களாக நீட்டியது. நல்ல மருந்துதான், வேறு நோய்க்கு.

கணினிக் கதைக்கு வருகிறேன். 2021-இல் வட அமெரிக்கக் கதிரியக்கவியல் சங்கம் முதலானவை இதற்கென்றே ஓர் உலகப் போட்டி நடத்தின. எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து எம்.ஜி.எம்.டி. நிலையைக் கணிக்க வேண்டும் என்பதே போட்டி. வென்ற நிரலின் திறனே நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலாகத்தான் இருந்தது. இரத்தத்தில் பார்க்கலாம் என்று நாளை யாராவது சொன்னாலும் பொறுங்கள். இவ்வகைக் கட்டிகள் இரத்தத்தில் கசியவிடும் டி.என்.ஏ. மிகக் குறைவு, தண்டுவட நீரில்தான் ஓரளவு கிடைக்கிறது.

மறுசோதனையைப் பொறுத்தவரை, விடை எதுவாக வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால் செலவும் திசுவும் வீண் என்பேன். 9 என்பது 6 ஆனாலும் 13 ஆனாலும் அடுத்த வாரம் தொடங்கப்போவது இதே கதிர்வீச்சும் இதே மாத்திரையும்தான். ஆனால் மெழுகில் பதித்த அந்தத் திசுக் கட்டியை, நாங்கள் பிளாக் என்று சொல்வதை, விட்டுவிடாதீர்கள். நோய் திரும்பினாலோ, புதிய மருந்தாய்வு ஒன்றில் சேர வாய்ப்பு வந்தாலோ முதலில் கேட்கப்படுவது அதுதான். அறிக்கையின் மேல்மூலையில், ஆண்டும் சாய்கோடும் சேர்ந்த ஓர் எண் இருக்கும்; பல பிளாக்குகள் இருந்தால் கட்டிச் செல்கள் அதிகம் உள்ளது எது என்று ஆய்வகத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எடுத்துவந்தால் வெயில் படும் இடத்திலோ அடுப்படிக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். மெழுகு உருகிவிடும்.


வைப்பாற்றங்கரை எழுதியது:

நான்கு பிளாக்குகள் இருக்கின்றன. மூன்றாவதில்தான் கட்டி அதிகம் என்று இன்று காலை ஆய்வகத்தில் சொன்னார்கள். எண்ணைக் குறித்து வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை அப்பாவுக்குக் கதிர்வீச்சுக்கான முகக்கவச அளவு எடுக்கிறார்கள்.